நான் கிழித்த அட்டை

எனக்குச் சட்டம் போடுவதில் ஒரு ருசி உண்டு. செருப்பை எந்தப் பக்கம் கழற்ற வேண்டும், தண்ணீர்ச் சொம்பை எந்தத் தட்டில் கவிழ்க்க வேண்டும் என்று வீட்டில் சட்டம் போட்டுப் போட்டே, கடைசியில் அந்த வீட்டில் நான் ஒருத்திதான் மிஞ்சினேன். கணவர் போய்ச் சேர்ந்து சில வருஷங்களாகின்றன. மகள் வேலை கிடைத்துக் கோயம்புத்தூருக்குப் போய்விட்டாள். என் சட்டத்துக்குப் பயந்து போகவில்லை என்று போனில் சொல்வாள்; நான் பாதிதான் நம்புவேன். இந்தப் புத்தியை வைத்துக்கொண்டுதான் விழுப்புரத்தில் ஒரு வாசிப்புக் கூட்டம் தொடங்கினேன். நல்ல எண்ணத்தில்தான் தொடங்கினேன். அந்தக் கூட்டத்தில் வைத்து, இருபது பேர் பார்க்க, ஒரு பெண்ணின் குடும்பத்தை என் கையாலேயே கலைத்தேன். அதைத்தான் எழுத வந்தேன்.

நான் மருந்துக்கடையில் நிற்பவள். ஊரில் யாருக்குச் சர்க்கரை, யாருக்கு பிரஷர், யார் வீட்டில் தூக்க மாத்திரை தீர்ந்துகொண்டே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் அவர்களில் ஒருவரோடும் உட்கார்ந்து ஒரு வாய் காபி குடித்ததில்லை. மகள் போன பிறகு ஞாயிற்றுக்கிழமை வந்தால் வீடு என்னைக் கடித்தது. கோயிலுக்குப் போகலாம், ஆனால் அங்கே தெரிந்தவர்கள் பேசுவார்கள். எனக்குப் பேச வேண்டாம், பக்கத்தில் ஆள் மட்டும் இருக்க வேண்டும். அவரவர் புத்தகத்தை அவரவர் எடுத்து வந்து, ஒன்றரை மணி நேரம் சேர்ந்து உட்கார்ந்து வாய் திறக்காமல் படித்துவிட்டுப் போனால் என்ன என்று தோன்றியது. அப்படிப்பட்ட கூட்டங்கள் பெரிய ஊர்களில் பூங்காவில் நடக்கின்றன என்று மகள் சொல்லியிருந்தாள். எங்கள் ஊரில் பூங்காவில் உட்கார்ந்தால் கொசுவும் வெயிலும்தான் கூட உட்காரும்.

இடம் கொடுத்தவர் ஒரு கல்யாண மண்டபத்துக்காரர். மூட்டுவலி மாத்திரைக்கு மாதாமாதம் எங்கள் கடைக்கு வருகிறவர். நான் சொன்னதைக் கேட்டு ஆச்சரியப்படவில்லை.

“ஆடி மாசம் ஒரு முகூர்த்தமும் கெடையாது. மண்டபம் தூசி அடைஞ்சிக்கினு கெடக்குது. வந்து ஒக்காந்து படிச்சிட்டுப் போங்க. போறப்ப பெருக்கிட்டுப் போனா போதும்” என்றார்.

அப்படித்தான் ஆடி மாதத்து முதல் ஞாயிறு, மண்டபத்தின் மாடியில் இருந்த சாப்பாட்டுக் கூடத்தில் ஏழு பேர் உட்கார்ந்தோம். நீள நீளமான பந்தி மேசைகள். ஒரு ஓரத்தில் வரிசையாகக் கை கழுவும் குழாய்கள். ஆளுக்கொரு நாற்காலி தள்ளி உட்கார்ந்து படித்தோம். போன் யார் கையிலும் இருக்கக் கூடாது என்று சட்டம் போட்டேன். வைக்க வேறு இடமில்லாமல், சமையல்கட்டில் இருந்த சாம்பார் வாளியை எடுத்துவந்து எல்லார் போனையும் அதில் போடச் சொன்னேன். எத்தனை முறை கழுவியும் அந்த வாளியில் பெருங்காய வாசனை போகவில்லை. வீட்டுக்குப் போய் மகளோடு பேசினால் காதில் சாம்பார் மணந்தது.

ஏழு பேர் பத்தாகி, பத்து இருபதானது. ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், உதடு அசைத்துப் படிப்பவர், பத்தரைக்குமேல் தூங்கிவிடுவார். கண்டமங்கலத்தில் இருந்து ஒரு தையல்காரப் பெண். நர்சிங் படிக்கும் இரண்டு பெண்கள். ஒரே கிராமத்தைச் சேர்ந்த இரண்டு ஆண்கள், ஆனால் தனித்தனியாக வந்தவர்கள். ஒருவர் ஊர்த்தெரு, இன்னொருவர் காலனி. சிக்கல் அவர்களிடத்தில்தான் வந்தது.

எங்கள் ஜில்லாவில் ஒருவர் கையில் இருக்கும் புத்தகத்தின் அட்டையில் யார் படம் இருக்கிறது என்று பார்த்தால் போதும். அவர் எந்தத் தெருவில் குடியிருக்கிறார், எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுவார், யார் வீட்டில் தண்ணீர் குடிக்க மாட்டார் என்பதுவரை சொல்லிவிடலாம். மூன்றாவது வாரம் அந்த இரண்டு பேரும் எதிரெதிராக உட்கார்ந்தார்கள். ஒருவர் கையில் ஒரு தலைவர், இன்னொருவர் கையில் இன்னொரு தலைவர். ஒரு வார்த்தை பேசவில்லை. ஊர்த்தெருக்காரர் எழுந்து, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கடைசி மேசைக்குப் போனார். அடுத்த வாரம் இருவருமே வரவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சாப்பாட்டுக் கூடத்திலும் தனிப் பந்தியா என்று பெருக்கும்போது விளக்குமாற்றிடம் கேட்டேன்.

அதற்கு நான் கண்டுபிடித்த மருந்துதான் அட்டை. எங்கள் கடையில் பெண்கள் நாப்கின் கேட்டால் கேட்ட மாத்திரத்தில் செய்தித்தாளில் சுற்றித் தருவோம். அந்தக் கைப்பழக்கத்தில் வந்த யோசனைதான். கூடத்து மூலையில் பந்தி மேசைமேல் விரிக்கிற வெள்ளைத்தாள் சுருள் ஒன்று மிச்சம் கிடந்தது. கத்தரிக்கோலும் ஒட்டுத்தாளும் கொண்டுபோய், இனிமேல் எல்லாப் புத்தகத்துக்கும் அட்டை போட்டாக வேண்டும், யார் என்ன படிக்கிறார் என்று யாரும் கேட்கக் கூடாது, சொல்லவும் கூடாது என்று சட்டம் போட்டேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி எல்லாரும் மண்டியிட்டு அட்டை போட்டார்கள். சொல்லி அனுப்பி அந்த இரண்டு பேரையும் வரவழைத்தேன்.

அந்தச் சட்டம் பலித்தது. அதுதான் பின்னால் என் தலையில் ஏறிக்கொண்டது. புரட்டாசியில் ஒரு ஞாயிறு ஊர்த்தெருக்காரர் கண்ணாடியை மறந்துவிட்டு வந்து, புத்தகத்தைக் கையெட்டும் தூரத்துக்குத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். பக்கத்தில் இருந்த காலனிக்காரர் தன் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மேசைமேல் நகர்த்தினார். அவர் போட்டுப் பார்த்துவிட்டு, பவர் சரியில்லை என்று தலையாட்டித் திருப்பி நகர்த்தினார். ஒரு வார்த்தை இல்லை. அன்றைக்கு வீடு திரும்பும்வரை அதையே நினைத்துக்கொண்டு போனேன். நான் என்னவோ சாதித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அந்தப் பெண் வந்தது ஆடிக் கடைசியில். இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். திருவாமாத்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவள். கணவன் பைக்கில் கொண்டுவந்து விட்டுவிட்டு, உரக்கடை, ஒர்க் ஷாப் என்று தன் வேலையைப் பார்த்துவிட்டு வந்து கூட்டிப் போவான். மாடி ஏறி வரமாட்டான். கீழே நின்று ஹாரன் அடிக்காமல் காத்திருப்பான், அது எனக்குப் பிடிக்கும். அவள் எப்போதும் குழாய்களுக்குப் பக்கத்தில், சுவரைப் பார்த்த நாற்காலியில் உட்காருவாள். படிக்கும்போது கையில் பென்சில் இருக்கும். புத்தகத்தின் ஓரத்தில் என்னவோ எழுதுவாள், அழிப்பாள். கவிதை எழுதுகிறாள் என்று நானாக முடிவுகட்டி வைத்திருந்தேன். வந்த முதல் நாளே கிளம்பும்போது கிட்டே வந்தாள்.

“அக்கா, புக்க இங்கியே வச்சிட்டுப் போலாங்களா?”

சமையல் சாமான் அறையில் ஒரு பீரோ இருந்தது, அதில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். ஏன் என்று கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததில் எனக்குப் பெருமை வேறு. கொல்லையில் வேர்க்கடலை, எங்கள் பக்கத்து மல்லாட்டை, பிடுங்கின வாரம் ஒரு பை நிறைய அவித்துக் கொண்டுவந்தாள். சத்தம் போடக் கூடாத இடத்தில் அவித்த மல்லாட்டையை எப்படித் தின்பது? ஆளாளுக்கு ஓடு உடைக்கிற சத்தத்தில் ரயில்வேக்காரர் விழித்துக்கொண்டார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

இனி நான் சொல்வது எனக்கு அப்போது தெரியாது, பின்னால் அவளும் மற்றவர்களும் சொல்லித் தெரிந்தது. நீங்கள் தெரிந்துகொண்டே மேலே படியுங்கள்.

அந்த வெள்ளை அட்டைக்குள் இருந்தது பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகம். அவள் பத்தாவதில் கணக்கில் மட்டும் தோற்றவள். அப்பா இல்லாத வீடு. மறுபடி எழுதாமல் திண்டிவனத்தில் ஒரு ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போய்விட்டாள். கல்யாணப் பேச்சு வந்தபோது, அவள் தபாலில் பி.ஏ. முடித்திருப்பதாக அவள் அம்மா தரகரிடம் சொல்லிவிட்டார். எங்கள் பக்கத்தில் பத்திரிகையில் பெண்ணின் பெயருக்குப் பின்னால் இரண்டு எழுத்தாவது இல்லையென்றால் அச்சடிப்பவரே ஒரு முறை நிமிர்ந்து பார்ப்பார். மாப்பிள்ளை டிப்ளமோ. அவனுக்குச் சரியாக இருக்கட்டும் என்று பி.ஏ. போட்டே அச்சடித்தார்கள். மாமியார் அந்தப் பத்திரிகையைக் கண்ணாடி போட்டு மாட்டி, வருகிறவர்களிடம் மருமகள் டிகிரி என்று சொல்லிக்கொண்டிருந்தார். கல்யாணமாகி ஒரு வருஷத்தில், பக்கத்து ஊர் அங்கன்வாடியில் வேலை காலியாகிறது, சர்டிபிகேட்டை எடுத்துக்கொண்டு வா என்று வீட்டில் கேட்க ஆரம்பித்தார்கள். அம்மா வீட்டு பீரோவில் இருக்கிறது, பீரோ சாவி தொலைந்துவிட்டது, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று நாளைக் கடத்திக்கொண்டிருந்தாள்.

பங்குனியில் தனித்தேர்வாக அந்த ஒரு கணக்கை எழுதித் தேறிவிட வேண்டும். தேறிய மார்க் ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பி.ஏ. பொய் என்பதைக் கணவனிடம் தனியாகத் தானே சொல்லிவிட வேண்டும். அவன் தாங்கிக்கொள்வான் என்று நம்பினாள். வெறுங்கையோடு சொல்ல மட்டும் அவளுக்குத் தைரியம் இல்லை. வீட்டில் புத்தகத்தை வைக்க முடியாது, திறக்க முடியாது. வாரத்தில் அவளுக்குக் கிடைத்தது எங்கள் பந்தி மேசையில் அந்த ஒன்றரை மணி நேரம்.

ஆவணி, ஐப்பசி, கார்த்திகையில் முகூர்த்தம் இல்லாத ஞாயிறுகளாகப் பொறுக்கிக் கூட்டம் நடத்தினோம். மார்கழி பிறந்ததும் மண்டபம் மறுபடி எங்களுடையதானது. அதற்குள் ஊரில் எங்களைப் பற்றிப் பேச்சு கிளம்பிவிட்டிருந்தது. மார்கழி இரண்டாவது ஞாயிறு மண்டபத்துக்காரர் மூட்டைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறி வந்தார்.

“இன்னாம்மா இது, வெளிய ஒரு மாதிரி பேசிக்கிறாங்க. ஆம்பள பொம்பள எல்லாம் ஒண்ணா குந்திக்கினு, அட்டைய மூடிக்கினு என்னமோ படிக்கிறாங்களாம். மதம் மாத்தற கூட்டம்னு ஒருத்தன் சொல்றான். அசிங்கமான புக்குன்னு ஒருத்தன் சொல்றான். தை பொறந்தா வரிசையா கல்யாணம் புக் ஆயிருக்குது. எனக்கு இந்த பேஜாரு வேணாம்.”

எனக்குச் சுருக்கென்றது. சண்டை வரக் கூடாது என்று போட்ட அட்டை, சந்தேகத்தைக் கிளப்பும் அட்டையாகிவிட்டது. அவருக்கு என்னவோ சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் படியில் இன்னொரு காலடி கேட்டது. அந்தப் பெண்ணின் கணவன், முதல் தடவையாக மேலே ஏறி வந்தான். செருப்பைப் படியிலேயே விட்டிருந்தான்.

“தப்பா நெனைக்காதீங்க மேடம். எனக்கு இவ மேல ஒரு சந்தேகமும் இல்ல. எங்க அம்மா காதுல யாரோ போட்டுட்டாங்க. தெனம் கேட்டுக்கினே இருக்கறாங்க. இவளக் கேட்டா கதப் புக்குன்றா. நீங்க ஒரு வார்த்த சொன்னீங்கன்னா போயி சொல்லிடுவேன்.”

இதைவிட மரியாதையாக ஒருவன் கேட்க முடியாது. நான் என்ன செய்திருக்கலாம் என்று அன்றிலிருந்து இன்றுவரை எண்ணிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கதைப் புத்தகம்தான் தம்பி என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். எங்கள் சட்டப்படி எனக்கே தெரியாது என்று உண்மையைச் சொல்லியிருக்கலாம். எதுவும் சொல்லாமல் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பியிருக்கலாம். ஆனால் மண்டபத்துக்காரர் பக்கத்தில் நின்றார். இருபது பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். என் கூட்டத்தை, என் சட்டத்தை, அசிங்கம் என்று ஒருவன் சொல்லியிருக்கிறான் என்ற கொதிப்பு எனக்கு அடங்கவில்லை.

“இங்க ஒளிச்சு வைக்கிற மாதிரி ஒண்ணும் இல்லைங்க. நீங்களே பாருங்க” என்று சொல்லிக்கொண்டே விறுவிறுவென்று குழாய்ப் பக்கம் போனேன்.

அவள் புத்தகத்தை மூடி அதன்மேல் உள்ளங்கையை வைத்திருந்தாள். நான் இழுத்தேன். அவள் விடவில்லை. கூச்சப்படுகிறாள் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் அழுத்தி இழுத்தேன். கையில் வந்ததும், அவர்கள் இருவரையும் பார்த்து நின்றுகொண்டு, அட்டையைக் குறுக்கே கிழித்தேன். உள்ளே என்ன இருக்கிறது என்று நான் பார்க்கக்கூட இல்லை. உயர்த்திக் காட்டினேன்.

அரசாங்கப் பாடப்புத்தகத்தை யாருக்குத்தான் தெரியாது? கூடத்தின் கடைசியில் இருந்தவர்களுக்கும் தெரிந்தது.

“இது யாருது?” என்றான் அவன். உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டான்.

“யாராவது பசங்களுதா இருக்கும்” என்று நான் உளறினேன். புத்தகத்துக்குள் மடித்து வைத்திருந்த ஒரு தாள் நழுவித் தரையில் விழுந்தது. தனித்தேர்வுக்கு விண்ணப்பித்ததற்கு பிரவுசிங் சென்டரில் எடுத்துக் கொடுத்த சீட்டு. அவள் போட்டோ, அவள் பெயர், பாடம் கணக்கு, வகுப்பு பத்து. அவன் குனிந்து எடுத்தான். மேலிருந்து கீழே ஒரு தரம் படித்தான். அப்புறம் இன்னொரு தரம் படித்தான். நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அவளைத் திட்டவில்லை, கையைப் பிடித்து இழுக்கவும் இல்லை.

“வா, போலாம்” என்றான்.

அவள் எழுந்து போகும்போது என் பக்கம் திரும்பவில்லை. சாம்பார் வாளியில் இருந்து தன் போனை எடுக்கக்கூட மறந்துவிட்டாள். தையல்காரப் பெண் ஓடிப்போய்ப் படியில் கொடுத்துவிட்டு வந்தாள். அன்றைக்கு ஒருவரும் கிளம்பவில்லை. மிச்ச நேரத்தையும் உட்கார்ந்து தீர்த்தார்கள். ஆனால் ஒரு பக்கம் புரளவில்லை. நான் கிழிந்த தாளைப் பொறுக்கினேன்.

விஷயம் மாலைக்குள் அவள் ஊருக்குப் போய்விட்டது. கொண்டுபோனது ஊர்த்தெருக்காரரா, காலனிக்காரரா என்று எனக்குத் தெரியாது. அவர்கள் ஊர் அவள் ஊருக்கு அடுத்த ஊர். இருவரும் ஒரே பஸ்ஸில் போனார்கள், பேசிக்கொண்டே போனார்கள் என்று தையல்காரப் பெண் சொன்னாள். ஆடியில் இருந்து மார்கழிவரை பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாத இருவர் முதன்முதலாகச் சேர்ந்து பேச ஒரு விஷயம் கிடைத்திருக்கிறது. கொடுத்தது நான். பொங்கலுக்கு முன்னாலேயே அவளைத் திண்டிவனத்தில் அம்மா வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். மாமியார் சுவரில் இருந்த பத்திரிகையைக் கழற்றி, சம்பந்தி கையிலேயே கொடுத்தாராம்.

அடுத்த ஞாயிறு கூட்டத்துக்கு என்றைக்கும் இல்லாத அளவுக்கு ஆள் வந்தார்கள். போன் வாளியில் விழுந்தது, புத்தகம் திறந்தது, கண்கள் எல்லாம் குழாய்ப் பக்கத்து நாற்காலியில் இருந்தன. முடிந்த பிறகு படியில் கும்பலாக நின்று பேசினார்கள். பாவம் என்றார்கள், ஏமாற்றுக்காரக் குடும்பம் என்றார்கள், மேடம் என்ன செய்வாங்க, கேட்டான் காட்டினாங்க என்றும் ஒருவர் சொன்னார். அந்தச் சமாதானத்தைக் கேட்டதும் அங்கே நிற்க முடியாமல் உள்ளே போய் விளக்குமாற்றை எடுத்தேன். தை பிறந்ததும் மண்டபம் கல்யாணங்களுக்குப் போனது. நான் வேறு இடம் தேடவில்லை. கூட்டம் அப்படியே நின்றது.

அவளுடைய புத்தகம் என்னிடம் இருந்தது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பங்குனியில் பரீட்சை என்று எனக்கு அதற்குள் தெரிந்துவிட்டது. அதன் பக்கங்களில் அவள் போட்டுப் பார்த்த கணக்குகள், தப்பென்று அடித்துவிட்டுத் திருப்பிப் போட்டவை, எல்லாம் இருந்தன. விழுப்புரத்தில் இருந்து திண்டிவனம் ஒரு மணி நேரப் பயணம். ஒவ்வொரு வாரமும் பையில் வைப்பேன், பஸ் ஸ்டாண்டு வரை போவேன், அவள் முகத்தில் எப்படி விழிப்பது என்று திரும்பிவிடுவேன். தை போய், மாசி போய், பங்குனியும் போனது. கடைசியில் வைகாசியில் ஒரு ஞாயிறு, புதிதாகப் பழுப்புத்தாளில் அட்டை போட்டு எடுத்துக்கொண்டு போனேன். மறுபடியும் அட்டை போட்டிருக்கிறேன் என்பதே பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. பிரித்துக் கசக்கி ஜன்னல் வழியே எறிந்தேன்.

திண்டிவனம் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு சந்தில் வீடு, விசாரித்துக் கண்டுபிடித்தேன். அவள் அம்மா கதவைத் திறந்தார். யார் என்று சொன்னேன்.

“ஓ, அந்த மேடமா” என்றார். உள்ளே போய் ஒரு நாற்காலியை எடுத்து வந்து போட்டார், தண்ணீர் கொடுத்தார். “பொய் சொன்னது நான்தாம்மா. உங்கள ஒண்ணும் சொல்றதுக்கில்ல” என்று சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மறுபடி அதே ஜவுளிக்கடைக்குப் போகிறாள், அன்று விடுமுறை. இளைத்திருந்தாள். நான் புத்தகத்தை நீட்டினேன்.

“பாஸாயிட்டேன்கா” என்றாள். “நாப்பத்தி ரெண்டு.”

“இது இல்லாம எப்பிடிம்மா...”

“பக்கத்து வீட்டுப் பொண்ணுகிட்ட வாங்கிப் படிச்சேன். நான் போட்டு வச்ச கணக்கெல்லாம் இதுலதான் இருந்துச்சி. உங்க கடைக்கு போன் பண்ணலாமான்னு ரெண்டு தபா பாத்தேன். அப்பறம் வேணான்னு உட்டுட்டேன்.”

உன் வீட்டுக்காரர் வருகிறாரா என்று கேட்டேன். மாதத்துக்கு இரண்டு தடவை வருகிறானாம். வாசலில் பைக்கை விட்டு இறங்காமல் பேசிவிட்டுப் போகிறானாம்.

“மார்க் ஷீட்டக் காட்டினேன். வாங்கிப் பாத்தாரு. ‘எங்கிட்ட தனியா சொல்லியிருந்தா நான் பாத்துக்கினு இருப்பேன். இப்ப ஊரே சொல்லி நான் கேட்டாப்புல ஆயிடுச்சே, நான் எப்பிடி எங்க அம்மாவ சமாளிக்கறது’ன்றாரு. அவரு சொல்றதும் சரிதான்” என்றாள். கொஞ்ச நேரம் துணியை மடித்தாள். “நீங்க பிரிக்கறதுக்கு முன்னாடி என் மூஞ்சிய ஒரு தபா பாத்திருக்கலாங்க்கா. நான் பக்கத்துலதான இருந்தேன்.”

என்னை மன்னித்துவிடு என்றேன். அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன். அழுதால் அவள் என்னைத் தேற்ற வேண்டிவரும். வேறு என்ன சொல்வது என்று தெரியாமல், ஆடியில் கூட்டத்தை மறுபடி தொடங்கலாம் என்று இருக்கிறேன், நீ வர வேண்டும், பிளஸ் டூ எழுது, ஒருவரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள் என்றேன். அவள் சிரிப்பது போல உதட்டை இழுத்தாள்.

“அங்க வர்ற இருவது பேருக்கும் என் கத தெரியும். எனக்கு அவங்கள்ல ஒருத்தர் கதயும் தெரியாது. எப்பிடிக்கா வந்து நடுவுல ஒக்கார்றது?”

நான் புத்தகத்தை மடித்த துணிகளுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

“நீங்களாவது ஒண்ணு சொல்லுங்க. யாருகிட்டயும் சொல்லாதது, வெளிய தெரிஞ்சா நீங்க தல குனியறாப்புல ஒண்ணு. எனக்கு மட்டும். அப்ப நான் வர்றேன்” என்றாள். விளையாட்டாகச் சொல்லவில்லை. மடித்த துணியைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

எங்கள் மருந்துக்கடையில், நான் நிற்கிற இடத்துக்கு நேர் மேலே, கண்ணாடிச் சட்டம் போட்டு ஒரு பார்மசிஸ்ட் சர்டிபிகேட் தொங்குகிறது. அதில் இருக்கிற பெயர் என்னுடையது அல்ல. அந்தப் பெயருக்குரியவரை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. முதலாளி எங்கிருந்தோ வாங்கி மாட்டியது. நான் படித்தது பிளஸ் டூ. கையெழுத்துப் புரியாத சீட்டைப் படிப்பதும், எதோடு எதைச் சாப்பிடக் கூடாது என்று சொல்வதும் நின்று நின்று கற்றுக்கொண்டவை. ஊர் என்னை பார்மசிஸ்ட் அம்மா என்கிறது. நான் ஒரு நாளும் திருத்தவில்லை. என் மகளுக்குக்கூட இது தெரியாது. அவள் பள்ளிக்கூடப் படிவங்களில் அம்மாவின் தொழில் என்ற இடத்தில் அதையே எழுதினாள், நான் கீழே கையெழுத்துப் போட்டேன்.

சொல்ல வேண்டிய வார்த்தை அத்தனையும் வாய்வரை வந்தது. அடுப்பங்கரையில் அவள் அம்மா பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றிருந்தது. கேட்டுக்கொண்டிருக்கிறாரோ என்று தோன்றியது. கடை ஞாபகம் வந்தது. மகள் ஞாபகம் வந்தது.

“எங்கிட்ட அப்பிடி ஒண்ணும் இல்லம்மா” என்றேன்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த துணியை எடுத்தாள்.

“ஆமாங்க்கா. நீங்க படிச்சவங்க, உங்களுக்கு எதுக்கு அதெல்லாம்” என்றாள். குத்திக்காட்டிச் சொல்லவில்லை. நம்பித்தான் சொன்னாள்.